டைப் 1 சர்க்கரையும் உடல் எடையும்: நீலகிரிக்காரர்களுக்கு ஒரு சோற்றுக் கணக்கு

டைப் 1 இருக்கிற ஒருவர் "எடை குறைக்கணும்" என்று வாயைத் திறந்தால் போதும், ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் எல்லா வீட்டிலும் ஒரே அறிவுரைதான்: சோத்தை விடு, ராகிக் களி சாப்பிடு, மண்ணுக்கு அடியில் விளையறது எதையும் தொடாதே. கேரட்டும் உருளைக்கிழங்கும் மூட்டை மூட்டையாக லாரி ஏறுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்பதே ஒரு தண்டனை. சொல்கிறவர்கள் வீட்டுப் பெரியவர்களின் டைப் 2-வைப் பார்த்துப் பழகியவர்கள், அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோய் ஊசியையே நம்பியிருக்கிற டைப் 1-இல் எடை ஏறும் வழி வேறு. தேவைக்கு மேல் இன்சுலின் போகும், சுகர் இறங்கும், இறங்கினதைத் தூக்கக் கைக்குக் கிடைத்ததை எல்லாம் தின்போம், தின்றதில் சுகர் ஏறும், அதற்கு மறுபடி ஊசி. இந்தச் சுற்றை அறுக்காமல் சோற்றை மட்டும் குறைத்தால் லோ சுகர்தான் அதிகமாகும், எடை இருந்த இடத்திலேயே நிற்கும்.

முதலில் ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுகிறேன். இன்சுலினைத் தவிர்த்தால் எடை குறையும் என்பது உண்மைதான், அதனால்தான் அது அவ்வளவு ஆபத்தான ஆசை. விடுதியில் இருக்கும் பிள்ளைகள், கல்யாணம் பேச ஆரம்பித்த வீட்டுப் பெண்கள், ஒரு வேளை ஊசியைத் தள்ளிவிட்டால் இளைக்கலாம் என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். இன்சுலின் இல்லாவிட்டால் சாப்பிட்ட சர்க்கரை சிறுநீரில் போகும், உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துத் தின்னும், கொழுப்பு கரைவதில் வருகிற கீட்டோன் என்ற கழிவு சேர்ந்து ரத்தம் அமிலமாகும். 1922 ஜனவரியில் டொரான்டோவில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்ட லெனார்ட் தாம்ஸனுக்கு 14 வயது, எடை 30 கிலோகூட இல்லை; அதற்கு முன் இந்த நோய்க்கு வைத்தியம் என்று இருந்தது பட்டினி போட்டு நாளைத் தள்ளுவதுதான். அந்த இளைப்பை யாரும் திரும்ப வரவழைத்துக்கொள்ள வேண்டாம். வாந்தி, வயிற்று வலி, அடங்காத தாகம், ஆழமாக இழுத்து இழுத்து மூச்சு விடுவது, வாயில் பழம் அழுகின மாதிரி ஒரு வாசனை, இதெல்லாம் சேர்ந்து வந்தால் மேடு ஏறினதால் மூச்சு வாங்குகிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சுகர் 250-க்கு மேல் போய் இறங்க மறுத்தாலோ உடம்பு சரியில்லாவிட்டாலோ கீட்டோன் பாருங்கள். ரத்தத்தில் பார்த்தால் 0.6-க்குள் இருந்தால் நிம்மதி, 1.5-ஐத் தாண்டினால் டாக்டருக்கு போன், 3-ஐத் தாண்டினால் நேராக எமர்ஜென்சி.

சரி, இப்போது வேலையை ஆரம்பிக்கலாம்.

முதல் வேலை தட்டில் இல்லை, ராத்திரி இன்சுலினில். நீண்ட நேரம் வேலை செய்கிற அந்த ஊசி, ஒன்றும் சாப்பிடாமல் இருந்தாலும் சுகரை ஒரே மட்டத்தில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு நாள் இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்துவிடுங்கள், எண்ணெய் அதிகம் இல்லாத, அளவு தெரிந்த சாப்பாடாக இருக்கட்டும். பதினோரு மணிக்கு ஒரு முறை, நடு இரவு இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை, எழுந்ததும் ஒரு முறை பாருங்கள். 30 புள்ளிக்குள் ஏறி இறங்கினால் அளவு சரி. 150-இல் படுத்தவர் 85-இல் எழுந்தால், சாப்பாட்டுக்கு வேலையே இல்லாமல் 65 புள்ளி இறங்கியிருக்கிறது, அதாவது அந்த ஊசி கூடுதல். இப்படிப்பட்டவர்கள்தான் "படுக்கும்போது ஒரு டம்ளர் பால், ரெண்டு பிஸ்கட் சாப்பிடாட்டி ராத்திரி லோ ஆகிடும்" என்பார்கள். அந்தப் பாலும் பிஸ்கட்டும் பசிக்குப் போகவில்லை, ஊசிக்குத் தீனியாகப் போகிறது. வேறு வேறு நாளில் இரண்டு முறை பார்த்து இரண்டு முறையும் இறங்கினால் அந்த எண்களை எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள், அவர் குறைத்துத் தருவார். சோதிக்கிற இரவில் 70-க்குக் கீழே போனால் சோதனையை நிறுத்திவிட்டுக் குளுக்கோஸ் சாப்பிடுங்கள். பகலில் தோட்ட வேலையோ நீண்ட நடையோ இருந்த நாளில் இதைச் செய்யாதீர்கள், கணக்கு தப்பாக வரும்.

அடுத்தது லோ சுகரைத் தூக்குவது. என்னைக் கேட்டால் டைப் 1-இல் எடை பிரச்சினையில் பாதி இங்கேதான் இருக்கிறது. 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் காத்திருப்பு, மறுபடி பார்ப்பது, இன்னும் 70-க்குக் கீழேயே இருந்தால் மறுபடி 15 கிராம். சொல்வது எளிது. கை நடுங்கி, வேர்த்து, கண் இருட்டும்போது பதினைந்து நிமிடம் யார் காத்திருப்பார்கள்? சமையலறையில் நின்றபடியே சர்க்கரை போட்ட ஒரு டீ, நாலு பிஸ்கட், ஒரு வாழைப்பழம் என்று உள்ளே போய்விடும். குத்துமதிப்பாக 300 கலோரி. 15 கிராம் குளுக்கோஸ் என்றால் 60 கலோரிதான். வித்தியாசம் 240. தினம் ஒரு தடவை இப்படி நடந்தால் மாதத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறுகிற கணக்கு. அதனால் குளுக்கோஸ் பொடியை முன்கூட்டியே எடை போட்டுப் பதினைந்து பதினைந்து கிராமாகச் சின்னக் காகிதப் பொட்டலங்களாக மடித்து வைத்துவிடுங்கள். தலைமாட்டில் இரண்டு, கோட்டுப் பையில் இரண்டு, கைப்பையில் இரண்டு. அந்த நேரத்தில் யோசிக்கிற மூளை வேலை செய்யாது, பொட்டலத்தைப் பிரித்து வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிற அளவுக்குத்தான் செய்யும். பொட்டலம் போட்டதும் சமையலறையை விட்டு வெளியே வந்து உட்காருங்கள், அங்கேயே நின்றால் கை சும்மா இருக்காது.

வழியில் ஒரு கூல்ட்ரிங்க்ஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம். நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் பல கடைகளில் சின்ன பாட்டில் கிடைக்காது. மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோட்டில் மணிக்கணக்கில் பஸ் நின்றால் பக்கத்தில் கடையும் இருக்காது. ஊட்டியில் தெருவுக்குத் தெரு விற்கிற சாக்லேட்டும் இதற்கு உதவாது, அதில் இருக்கிற கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் விடும். சுகர் ஏறும் முன் நீங்கள் இன்னும் நாலு துண்டு தின்றிருப்பீர்கள். நினைவு தப்பினவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், சுகரைத் தூக்குகிற குளுக்ககான் ஊசி இருந்தால் போடட்டும், இல்லாவிட்டால் 108.

இந்த இரண்டும் ஓரளவு அடங்கின பிறகுதான் தராசு.

ஒரு கிச்சன் தராசு வாங்குங்கள், கிராம் கணக்கில் காட்டுகிற டிஜிட்டல் தராசு. "ஒரு கப் சாதம்" என்று புத்தகத்தில் இருப்பது எந்தக் கப் என்று யாருக்கும் தெரியாது. அரிசியை வேகவைத்த பிறகு எவ்வளவு எடை வருகிறது என்பது ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, அதனால் எல்லாமே குக்கர்தான், அதிலும் ஒரு வீட்டில் குழைய வேண்டும், இன்னொரு வீட்டில் பதமாக வேண்டும். அதனால் உங்கள் வீட்டுச் சோற்றுக்கு நீங்களே ஒரு தடவை கணக்குப் போட்டுவிடுங்கள். 200 கிராம் அரிசி எடுங்கள், பச்சை அரிசியோ புழுங்கலோ நூற்றுக்கு ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து, அதாவது கார்போஹைட்ரேட், ஆக 156. குக்கர் பாத்திரத்தின் வெறும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். வெந்ததும் பாத்திரத்தோடு எடை போட்டு வெறும் எடையைக் கழியுங்கள். சோறு 560 கிராம் வந்தால் 100 கிராம் சோற்றில் 28 கிராம் மாவுச்சத்து. குழைத்து 650 வந்தால் 24. ஒரே அரிசி, ஒரே தட்டு, 200 கிராம் சோற்றுக்கு 8 கிராம் வித்தியாசம், சிலருக்கு அது முக்கால் யூனிட்.

என் சமையலறையில் ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் அதன் வெறும் எடை மார்க்கரில் எழுதியிருக்கும். பாத்திரம் துலக்கத் துலக்க அழியும், அழிந்தால் மறுபடி எழுதுவோம். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுச் சீர்ப் பாத்திரமா, எடை போட்டா கொடுத்தாங்க என்று கேட்டார். மாவு வகையில் இது இன்னும் எளிது. சப்பாத்தி மாவு 30 கிராமுக்கு ஏறத்தாழ 20 கிராம் மாவுச்சத்து, தண்ணீர் விட்டுப் பிசையும் முன் மாவின் மொத்த எடையைக் குறித்து உருண்டை எண்ணிக்கையால் வகுத்தால் முடிந்தது. நடுத்தர இட்லிக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் என்று வைத்துக்கொள்ளலாம், தோசை எவ்வளவு என்பது ஊற்றுகிற கையைப் பொறுத்தது. எல்லாப் பொருளையும் ஆயுள் முழுக்க எடை போட வேண்டியதில்லை. தினம் சாப்பிடுகிற ஏழெட்டுப் பொருளை நாலு வாரம் போட்டால் கண்ணே அளக்கப் பழகிவிடும், அப்புறம் எப்போதாவது தராசில் வைத்துக் கண் ஏமாற்றுகிறதா என்று பார்த்தால் போதும். ஏமாற்றும். பசியோடு இருக்கும்போது கண் எப்போதும் குறைத்துத்தான் சொல்லும்.

இப்போது அந்த ராகி விஷயம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் ராகியில் மாவுச்சத்து ஏறத்தாழ 67 கிராம், சாமையில் 66, அரிசியில் 78. பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. நார்ச்சத்து கூடுதல், சத்தும் கூடுதல், ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், பாட்டி கிண்டின களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் எந்த ஹோட்டல் சாப்பாட்டுக்கும் குறைந்தது இல்லை, நானே விரும்பிச் சாப்பிடுவேன். ஆனால் "களிதானே" என்று ஊசியைக் குறைத்துப் போட்டுவிட்டு இரண்டு உருண்டை தின்றால் மூன்று மணி நேரம் கழித்து மீட்டர் 280 காட்டும். மாவை எடை போடுங்கள், தண்ணீரை அல்ல. கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் களியைவிட வேகமாக ஏறும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேரட் 100 கிராமில் மாவுச்சத்து பத்துக்கும் குறைவு. பீட்ரூட் கிட்டத்தட்ட அதே. நூல்கோல், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பீன்ஸ், காளான் எல்லாம் அதற்கும் கீழே, ஒரு கை கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். வேகவைத்த உருளைக்கிழங்கு 100 கிராமுக்கு 18, 20 கிராம், அதாவது எடைக்கு எடை சோற்றைவிடக் குறைவு! உருளைக்கிழங்கைக் கெட்ட பெயர் எடுக்க வைத்தது அது சோற்றோடு சேர்ந்து பொரியலாக வருவதும், வறுவலில் குடிக்கிற எண்ணெயும்தான். உருளைக்கிழங்கு சாப்பிட ஆசையாக இருந்தால் அன்று சோற்றில் அந்த அளவைக் கழித்துவிடுங்கள். பழத்திலும் இதே கணக்குதான். மே, ஜூனில் வருகிற பிளம்ஸ் 100 கிராமுக்குப் பதினொன்றை ஒட்டி, பேரிக்காய் 15, வாழைப்பழம் உரித்த எடையில் 23. மலைத்தேன், நாட்டுச் சர்க்கரை, பனங்கருப்பட்டி எதற்கும் தனிச் சலுகை கிடையாது, சர்க்கரை சர்க்கரைதான்.

கணக்கில் வராமல் நழுவுவது டீ. குளிர் ஊரில் டீ ஒரு பானமே இல்லை, கையைச் சூடாக்க ஒரு சாக்கு. காலையில் எழுந்ததும், பத்து மணிக்கு, யாராவது வந்தால், மழை பெய்தால், மழை விட்டால். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை பத்து கிராம், ஐந்து டீக்கு 50 கிராம், 200 கலோரி, பால் தனி. இதற்கு யாரும் ஊசி போடுவதில்லை, "டீதானே". அப்புறம் பன்னிரண்டு மணிக்கு மீட்டர் 240 காட்டும்போது பழி காலை இட்லி மேல் விழும். கடையில் "சர்க்கரை கம்மியா" என்று சொல்லாதீர்கள், கம்மி என்பது மாஸ்டரின் அன்றைய மனநிலை. "அண்ணே, ஒரு டீ வித்தவுட்" என்று கேளுங்கள், எந்தக் கடையிலும் புரியும். சில கடையில் பாலிலேயே சர்க்கரை கரைத்து வைத்திருப்பார்கள், ஒரு வாய் குடித்தால் தெரிந்துவிடும், தெரிந்ததும் பிளாக் டீக்கு மாறிவிடுங்கள். மாவட்டமே தேயிலை, நல்ல டீயைப் பாலும் சர்க்கரையும் இல்லாமல் குடிக்கப் பழகாவிட்டால் வேறு எந்த ஊரில் பழகப் போகிறோம்?

டீயோடு வர்க்கி. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கின பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும், மைதாவும் கொழுப்பும் அடுக்கடுக்காகச் சேர்ந்த பண்டம் அது. இந்த ரகப் பண்டங்களில் பாதிக்கு மேல் மாவுச்சத்து, மீதியில் பெரும்பங்கு கொழுப்பு. ஒன்றை எடுத்துத் தராசில் வைத்து, எடையில் அறுபது சதவீதம் மாவுச்சத்து என்று போட்டுக்கொள்ளுங்கள். 25 கிராம் வர்க்கி என்றால் 15 கிராம், ஒரு இட்லிக்கு மேலேயே. நான் சாப்பிடாதே என்று சொல்லவில்லை. இரண்டு வர்க்கி எடுத்துத் தட்டில் வைத்து, பொட்டலத்தைக் கட்டி மேல் அலமாரியில் வைத்துவிட்டு, ஊசி போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தால் எண்ணிக்கை யாருக்கும் ஞாபகம் இருக்காது. "சுகர் ஃப்ரீ" பிஸ்கட் வாங்குகிறவர்கள் அட்டையின் பின்பக்கம் சர்க்கரை வரியைப் பார்க்காமல் கார்போஹைட்ரேட் வரியைப் பாருங்கள்.

இனி ஊசிக் கணக்கு. ஒரு நாளில் போடுகிற மொத்த இன்சுலின் எவ்வளவோ, 500-ஐ அதனால் வகுத்தால் ஒரு யூனிட் எத்தனை கிராம் மாவுச்சத்தைச் சமாளிக்கும் என்று தோராயமாகத் தெரியும். நாளுக்கு 40 யூனிட் என்றால் 12 கிராமுக்கு ஒன்று. அதே மாதிரி 1800-ஐ வகுத்தால் ஒரு யூனிட் சுகரை எத்தனை புள்ளி இறக்கும் என்று தெரியும், 40 யூனிட்காரருக்கு 45 புள்ளி. இது விரைவாக வேலை செய்கிற இன்சுலினுக்கு. ரெகுலர் என்கிற, சற்று மெதுவாக வேலை செய்கிற பழைய ரகம் என்றால் 1800-க்குப் பதில் 1500. மதியம் 150 கிராம் சோறு 42, சாம்பார் 10, கேரட் பொரியல் 6, மொத்தம் 58, ஐந்து யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. இது ஆரம்பப் புள்ளி மட்டுமே. பலருக்குக் காலையில் ஒரு விகிதம், இரவில் ஒரு விகிதம். சாப்பிடும் முன்னும் மூன்று, நாலு மணி நேரம் கழித்தும் பார்த்து எழுதி, டாக்டரோடு உட்கார்ந்துதான் உங்கள் எண் எது என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு ஊசி போட்டு இரண்டு மணி நேரத்தில் இன்னும் இறங்கவில்லையே என்று அவசரப்பட்டு இன்னொன்று போடாதீர்கள். முதல் ஊசி இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது, இரண்டும் சேர்ந்து இறக்கும், அப்புறம் அதே சமையலறை, அதே பிஸ்கட்.

அரசு ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் கிடைப்பது ரெகுலர், அதைவிட நீண்ட நேரம் வேலை செய்கிற என்பிஎச், இரண்டும் ஒரே பாட்டிலில் கலந்த 30/70 கலவை. ரெகுலரைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் போட வேண்டும், அதன் வேலை ஆறு முதல் எட்டு மணி நேரம் இழுக்கும், அதனால் பதினொரு மணிக்கு ஒரு சின்னச் சிற்றுண்டி தேவைப்படலாம்; அதை மதியச் சாப்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், மேலே சேர்க்காதீர்கள். 30/70 போடுகிறவர்கள் நான் மேலே சொன்ன விகிதக் கணக்கை ஓட்ட முடியாது. அவர்களுக்கு வழி வேறு: ஊசி மாறாது, அதனால் வேளையும் மாவுச்சத்து அளவும் மாறாமல் வைத்துக்கொள்ள வேண்டும், அளவைக் குறைக்க நினைத்தால் ஊசியும் அதே நாளில் குறைய வேண்டும். எடை குறைப்பதில் தீவிரமாக இருந்தால் தனித்தனி ஊசிக்கு மாற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை, இதில் தப்பு நடந்தால் உயிர் போகும்: மில்லிக்கு 40 யூனிட் பாட்டிலுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்.

எவ்வளவு குறைப்பது? வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் ஆசைப்படாதீர்கள். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி, நாளுக்கு 400, 500 குறைத்தால் கிட்டத்தட்ட அந்த வேகம் வரும். பட்டினி தேவையில்லை. ஐந்து டீயின் சர்க்கரை 200, இரவுச் சோற்றில் 100 கிராம் குறைத்தால் 130, தாளிப்பிலும் தோசையிலுமாக ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் குறைத்தால் 120. வந்துவிட்டது. குறைத்த சோற்றின் இடத்தில் முட்டை, மீன், பயறு, காளான், கைப்பிடி கூடுதல் காய். முக்கியமான இடம் இதுதான்: 100 கிராம் சோற்றைக் குறைத்தால் 28 கிராம் மாவுச்சத்து போயிற்று, 12-க்கு ஒன்று போடுகிறவர் இரண்டு யூனிட்டுக்கு மேல் குறைக்க வேண்டும், அதே வேளையிலேயே. எடை நாலைந்து கிலோ இறங்கியதும் ராத்திரி இன்சுலினின் தேவையும் குறையும், அந்த இரவுச் சோதனையை மறுபடி செய்யுங்கள். மாவுச்சத்தை அடியோடு நிறுத்துகிற டயட் எதையும் டைப் 1-இல் தானாக ஆரம்பிக்காதீர்கள், பசிக் கீட்டோனும் இன்சுலின் பற்றாக்குறைக் கீட்டோனும் குழம்பிப்போகும். வளர்கிற பிள்ளைகளுக்கு எந்தக் குறைப்பும் வேண்டாம், அவர்களுக்கு எண்ணிச் சாப்பிடப் பழக்கினால் போதும். எடை குறைக்க என்று இப்போது எல்லோரும் பேசுகிற வார ஊசி டைப் 1-க்கு என அனுமதி பெற்றது இல்லை. சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுகிற மாத்திரைகள் இன்னும் மோசம், மீட்டர் 180 காட்டிக்கொண்டிருக்கும்போதே கீட்டோன் ஏறிவிடும். பக்கத்து வீட்டு மாமா இளைத்தார் என்று வாங்கிச் சாப்பிடுகிற சமாச்சாரம் இல்லை இது.

நடை பற்றி நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம், பால் வாங்கப் போனாலே நூறு படி. ஆனால் ஏற்றம் சுகரைச் சமவெளி நடையைவிட வேகமாக இறக்கும். கிளம்பும்போது 130-லிருந்து 180-க்குள் இருந்தால் நல்லது. 90-க்குக் கீழே இருந்தால் முதலில் 15 கிராம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். 250-க்கு மேல் இருந்து கீட்டோனும் இருந்தால் அன்று நடை வேண்டாம். ஏறப் போகிற அன்று தொடையில் ஊசி போடாதீர்கள், வேலை செய்கிற தசைக்குப் பக்கத்தில் போட்டால் வேகமாக உள்ளே இறங்கும். சாப்பாட்டுக்கு ஊசி போட்டதும் நடப்பதாக இருந்தால் அந்த ஊசியைக் குறைப்பது, நடந்துவிட்டு வந்து பிஸ்கட் தின்பதைவிட எடைக்கு நல்லது. எவ்வளவு குறைக்கலாம் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட நடையின் விளைவு அன்றோடு முடியாது, ஒரு நாள் வரை இழுக்கும், அன்று இரவு படுக்கும் முன் கட்டாயம் பாருங்கள். தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு இது தினசரி விஷயம். ஆறு நாள் சரிவில் ஏறி இறங்கி மூட்டை சுமக்கிற உடம்புக்கும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்காருகிற உடம்புக்கும் ஒரே ஊசி சரிவராது. வேலை நாள் அளவு, லீவு நாள் அளவு என்று இரண்டு எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் வாரம் முழுக்க லோ, ஞாயிறு முழுக்க ஹை.

சுற்றத்தார் கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் இறங்குகிறவர்கள் கவனிக்க: வெயிலில் இன்சுலின் வேகமாக உறிஞ்சப்படும், மலையில் சரியாக இருந்த அளவு கீழே லோ காட்டலாம். பிரியாணியும் பரோட்டாவும் கொழுப்போடு வருவதால் இரண்டு மணி நேரத்தில் நல்லபடியாகக் காட்டிவிட்டு ஐந்தாவது மணி நேரத்தில் ஏறும். ஊசியைப் பிரித்துப் போடுவது பற்றி டாக்டரிடம் கேட்டு வைத்திருந்தால் அங்கே தடுமாற வேண்டாம்.

டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் மீட்டரும் மனுஷன் மாதிரிதான், விறைத்துப்போகும். பல மீட்டர்கள் 10 டிகிரிக்குக் கீழே எர்ரர் காட்டும். ஸ்வெட்டருக்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்து எடுங்கள். விரலை வெந்நீரில் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள், ரத்தமும் வரும், விரலில் ஒட்டின சர்க்கரையும் போகும். பழம் உரித்த கையோடு பார்த்து 260 என்று பதறி ஊசி போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இன்சுலின் உறையவே கூடாது, உறைந்து உருகினது பார்க்க நன்றாக இருந்தாலும் தூக்கிப்போட வேண்டியதுதான். தலைக்குந்தா பக்கம் ராத்திரி காரில் விட்டுவிட்டு வராதீர்கள், ஃப்ரிட்ஜில் ஃப்ரீசரை ஒட்டி வைக்காதீர்கள், ஹீட்டர், கணப்புச் சட்டி பக்கத்திலும் வேண்டாம். வெந்நீர்க் குளியல் ஊசியை வேகப்படுத்தும், ஊசி போட்டதும் குளிக்கப் போகாதீர்கள். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோலுக்கு அடியில் கட்டி விழுந்திருந்தால் அங்கே போடுகிற மருந்து ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது. வயிற்றைத் தடவிப் பாருங்கள், மெத்தென்று தடித்த இடத்தை விட்டுவிட்டுப் புது இடம் பாருங்கள். புது இடத்தில் அதே அளவு கூடுதலாக வேலை செய்யும் என்பதால் குறைத்துத் தொடங்க வேண்டியிருக்கும், சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தும் எடை ஏறினால் தைராய்டு பாருங்கள். டைப் 1 இருப்பவர்களுக்குத் தைராய்டு குறைபாடு மற்றவர்களைவிட அதிகம் வரும், வருடம் ஒரு முறை டிஎஸ்ஹெச் என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்ப்பது நல்லது. மாறாக, முயற்சியே இல்லாமல் எடை குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள், சுகர் உயரத்தில் இருந்தால் இன்சுலின் போதவில்லை என்று அர்த்தம். சுகர் நன்றாக இருந்தும் இளைத்துக்கொண்டே போனால், வயிறு உப்புசம், அடிக்கடி வயிற்றுப்போக்கு, காரணம் தெரியாத லோ எல்லாம் சேர்ந்திருந்தால் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை கேளுங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாத நோய் அது, டைப் 1-ஓடு சேர்ந்து வரக்கூடியது. பரிசோதனைக்கு முன் சப்பாத்தியை நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் நோய் இருந்தாலும் காட்டாது.

ஓ.பி.க்குப் போகும்போது இரண்டு வார நோட்டைக் கொண்டு போங்கள். தேதி, சாப்பிடும் முன் சுகர், மாவுச்சத்து கிராம், ஊசி, பின் சுகர், அவ்வளவு கட்டம் போதும், லோ வந்த இடத்தைச் சிவப்பில் வட்டம் போட்டு, அதைத் தூக்க என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் பக்கத்தில் எழுதுங்கள். வரிசை நீளம், டாக்டருக்கு உங்களோடு இருப்பது நாலைந்து நிமிடம். நோட்டைத் திறந்ததும் அவர் கண் அந்தச் சிவப்பு வட்டங்களுக்குத்தான் போகும், பேச்சு அங்கிருந்து ஆரம்பிக்கட்டும்.